தூசி விதி

மேற்கு வெர்ஜீனியா மலையடிவாரத்தில் மத்தியான வெயில் சமையலறைக்குள் சாய்ந்து விழுகிறது. வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. ஆக்ஸிஜன் இயந்திரம் உறுமுகிறது. மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார் ஆர்வில், நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். எதிரே மகன் டாரல், சுரங்க ஷிப்டுக்குப் போக ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியபடி, கைபேசியில் செய்தி படிக்கிறான். சுரங்கத் தூசியைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன வாஷிங்டன் அரசின் விதியை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

"எதுக்காம்?"

"ஆட்சேபம் சொல்ல கம்பெனிகளுக்கு நேரம் பத்தலையாம்ப்பா. மறுபடி மொதல்லேருந்து எழுதணுமாம்."

ஆர்வில் சிரிக்கப் பார்க்கிறார், இருமலாக வருகிறது. அந்த விதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவரும் பேசினார். ஆளுக்கு ஐந்து நிமிடம். மேசைமேல் சின்ன விளக்கு; பச்சை எரியும்வரை பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். பச்சையிலேயே அவருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகும்வரை அதிகாரிகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் நேரத்துல மிச்சம் கெடக்குடா. அதை எடுத்துக்கச் சொல்லு."

டாரல் மற்ற பூட்ஸையும் மாட்டுகிறான். சாப்பாட்டு டப்பாவோடு வாசல்வரை போய் இருமுகிறான், வறட்டு இருமல். இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. ஆர்வில் தலையைத் தூக்குகிறார்.

"சளிதான்ப்பா," என்கிறான் டாரல், திரும்பிப் பார்க்காமல்.