தெற்கே நகர்ந்த புள்ளி

கடலில் காணாமல்போனவர்களை மென்பொருள் காட்டும் திசையில் மட்டுமே தேடவேண்டும், அப்படியொரு சட்டம். யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய அந்தத் திறந்தமூல மென்பொருளின் சமன்பாடுகளைச் சரிபார்ப்பவன் ரெக்ஸ்லின். காற்றுவிசையைக் கணக்கிடும் வரியில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் இருப்பதாகச் சகாயமேரி என்றொரு பெண் எழுதியிருந்தாள். சோதித்துப் பார்க்க, இரண்டு வருடத்துக்கு முன் தொலைந்த ஒரு படகின் விவரத்தையும் இணைத்திருந்தாள்.

முன்பு அந்த வரியைச் சரியென்று ஒப்புதல் தந்தவன் அவனேதான். குறியை மாற்றினான். திரையில் வடக்கே போன படகுப்புள்ளி தெற்கே நகர்ந்தது. அவளைத் தொலைபேசியில் அழைத்தான்.

"நீங்க சொன்னது சரிதாங்க. தப்பு என்னோடதுதான்."

"தெக்கதான் இழுக்கும்னு அன்னைக்கே கால்ல விழுந்தேன். எங்க வீட்டுக்காரர வடக்கயே தேடுனாவ. அதுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் படிச்சேன்," என்றவள், ஆசையோடு கேட்டாள்:

"இப்ப மெஷினே தெக்கன்னு சொல்லிட்டுல்லா. இனி படகு அனுப்புவாவல்லா?"