நாற்பதாவது படிவம்

"ரோகிணி, இங்க வாம்மா. ஏன் ஒரு கேள்விய மட்டும் காலியா விட்டிருக்க?"

'நிறுவனங்களின் நற்பெயரை அளப்பது எப்படி?' என்ற பயிலரங்கின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் இன்பசேகரன், அவள் கொடுத்த கருத்துப் படிவத்தை நீட்டினார். 'சிறப்புரையாளர் உங்கள் சந்தேகங்களைத் தீர்த்தாரா?' என்ற கேள்விக்கு எதிரே டிக் இல்லை.

"மனசாட்சி உறுத்துது சார்," என்றாள் ரோகிணி. கப்பலூர் தொழிற்பேட்டை நிறுவனங்கள் வாங்கி வைத்திருக்கும் நல்ல பெயர் எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

"மத்த முப்பத்தொம்பது பேருக்கு மனசாட்சி இல்லையா? எல்லாரும் 'மிகச் சிறப்பு'ன்னுதான் போட்டிருக்காங்க. அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருது. ஒன் ஒருத்தியால காலேஜ் பேரு கெடணுமா?"

"இல்ல சார், வந்து..."

"சர்டிபிகேட் வேணுமா, வேணாமா?"

அது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. ரோகிணி 'மிகச் சிறப்பு' கட்டத்தில் டிக் போட்டாள்.

"ஆலோசனை எடத்துலயும் ஏதாச்சும் எழுதும்மா, அப்பத்தான் நம்புற மாதிரி இருக்கும். 'உரை இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருக்கலாம்'னு போடு."

எழுதினாள். அவர் நாற்பது படிவங்களையும் கோப்பில் வைத்துக் கட்டும்போது கைப்பேசி ஒலித்தது.

"வணக்கம் சார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டீங்களா? கார் அங்கதான் நிக்குது. அவசரமில்ல சார், டிபன் சாப்பிட்டு மெதுவா வாங்க. ஒங்க பேச்சக் கேக்கப் புள்ளைங்க எல்லாம் இப்பத்தான் வந்து உக்காந்திருக்காங்க."