இடமிருந்து இரண்டாவது

படத்திலிருந்த நெற்றிப் பொட்டு அழியாமல் கண்ணாடியைத் துடைத்து, அதை ஹரோல்ட் அங்கிளின் மடியில் வைத்தார் புவனேஸ்வரன்.

காக்கி உடையில் நான்கு பேர், ஆளுக்கொரு துப்பாக்கி. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலத்தில் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் காவல் நின்ற சிறப்புக் காவலர்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கமாக எஸ்.சி., என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும்.

இடமிருந்து இரண்டாவதாகச் சந்தனப் பொட்டோடு நிற்பவர் ஆறுமுகம், புவனேஸ்வரனின் அப்பா. மற்ற மூவரும் யாரென்று தெரியாது. மூன்றாவது ஆளுக்கு மட்டும் சின்ன வயதில் புவனேஸ்வரனே ஒரு பெயர் வைத்திருந்தார்: முறக்காதர். முறம்போல விரிந்த காது; தொப்பியே அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

தோட்டத்து மக்கள் ஒன்றுகூடும் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அப்பாவின் பக்கத்தில் மூன்று தடவை 'அடையாளம் தெரியாதவர்' என்று போட அவருக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுக் கேட்டார். ஈப்போவிலிருந்து டோரின் என்ற பெண் பதில் எழுதினாள். அவள் அப்பாவும் அங்கே எஸ்.சி.யாக இருந்தவர்தானாம். தொண்ணூறு வயதாகியும் ஒரு முகத்தையும் மறக்கமாட்டாராம். எழுதியதோடு நிற்காமல் ஹரோல்ட் அங்கிளை செனாவாங்கில் புவனேஸ்வரன் வீடு வரை காரில் கூட்டியும் வந்துவிட்டாள்.

அங்கிள் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு புவனேஸ்வரனின் மீசையை உற்றுப் பார்த்தார்.

அது அப்பாவின் மீசை. அம்மா பிரசவத்தோடு போய்விட்டார். லாரி கவிழ்ந்து அப்பா போனபோது பிள்ளைக்கு மூன்று மாதம். அப்பாவின் முகம் என்று அவருக்கு மிஞ்சியது இந்தப் படம் ஒன்றுதான். இருபது வயதிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துத்தான் மீசையைக் கத்தரிக்கிறார். அச்சு அசல் அப்பா என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

அங்கிள் பெயர் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் படையலில் என்ன வைப்பீர்கள் என்று விசாரித்தார்.

ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த கெம்போங் மீன், சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். தீபாவளிக்கு முதல் நாள், ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இத்தோடு அறுபத்தொன்பது ஆகிறது என்று பெருமையாகச் சொன்னார் புவனேஸ்வரன்.

தொடங்கி வைத்தவர் பெரியம்மா பஞ்சாலை. கெடாவிலிருந்து வந்து, பிள்ளையை மந்தினுக்குத் தூக்கிப்போய் வளர்த்தவர். தங்கை புருஷனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் தோட்ட ஆபீஸ் கிராணி கொடுத்த நெகட்டிவும் சீட்டும் கையில் இருந்தன. நெகட்டிவைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார். சீட்டில் எழுதியிருந்தபடி பொட்டு வைத்தார்: இடமிருந்து இரண்டாவது, ஆறுமுகம்.

அங்கிளின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று புவனேஸ்வரன் பதறிப்போனார். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இந்தத் துப்பாக்கிக்கு போல்ட் கைப்பிடி எப்போதும் வலப்பக்கம்தானாம். படத்தில் நான்குக்கும் இடப்பக்கம் இருந்தது. கடைக்காரன் நெகட்டிவைத் திருப்பிப்போட்டுக் கழுவியிருக்கிறான்; படமே இடவலம் மாறிவிட்டது.

புவனேஸ்வரன் படத்தருகே குனிந்தார். விரலை வலது ஓரத்தில் வைத்து எண்ணினார். ஒன்று. இரண்டு.

முறக்காதர்.

“இவன்தான் தம்பி ஒங்கப்பா. போட்டோக்காரன் எவ்ளோ அதட்டியும் சிரிப்ப அடக்கமாட்டேன்னுட்டான்.”

புவனேஸ்வரனின் கை தானாகக் காதுக்குப் போனது. ஹெல்மெட் வாங்கப் போகும்போதெல்லாம் ரோகினி கேலி செய்யும் காது. நாற்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்திய ரோகினி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அறுபத்தொன்பது வருடமாகப் பக்கத்து ஆளுக்குப் படைத்ததை அப்பா நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாரே என்று தாங்கமுடியாமல் சொன்னார். அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம், அவர்கள் இரண்டு பேரும் ஒரே மங்குத் தட்டில்தான் சாப்பிட்டார்கள் என்று அங்கிள் தேற்றினார்.

ரோகினி ஈரத்துணியால் பழைய பொட்டைத் துடைத்தாள். முறக்காதருக்குப் புதுச் சந்தனம் வைத்தாள். பொட்டு போன இடத்தில், மீசைக்காரரின் புருவத்துக்கு மேல், ஒரு வெட்டுத் தழும்பு தெரிந்தது.

அதே தழும்பு எதிரே நாற்காலியில், அங்கிளின் புருவத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. டோரின் சிரிப்பை அடக்கமுடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புவனேஸ்வரன் பேனாவை எடுத்தார். எழுதத் தெரியாதவர்போல அப்படியே நின்றார்.

“எம் பேர அப்பறமா எழுதிக்கலாம்லா தம்பி. அந்த ஸ்டவுட்ட மட்டும் நிப்பாட்டிறாதீங்க.”