ஒரு நிமிஷக் குரல்

புதுப்படங்களைத் திருட்டுத்தனமாக இணையத்திலிருந்து இறக்கி ஊருக்கெல்லாம் பகிர்ந்தான் என்று எபனேசரைப் பிடித்துப்போனார்கள். தீர்ப்பு வருவதற்குள் சிறையிலேயே காமாலை கண்டு இறந்துபோனான். வெளியூரில் அவன் தங்கியிருந்த அறையிலிருந்து அள்ளிப்போன கம்ப்யூட்டரும் போனும் திரும்பி வரவில்லை. அம்மா அன்னபாக்கியத்திடம் அவன் போட்டோ இருந்தது, குரல் இல்லை. அவளுடைய பட்டன் போனில் எதையும் பதிந்துவைக்க முடியாது.

"உங்க பேச்சையெல்லாம் மாசக்கணக்கா ஒட்டுக்கேட்டிருப்பாங்கம்மா" என்று வக்கீல் கொதித்தார். அவளுக்கோ அது ஒன்றுதான் நம்பிக்கையாக இருந்தது. இணையக் குற்றப் பிரிவு அதிகாரியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அவன் பேசுனது ஒரு நிமிஷம் போதும் சார். ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

"காப்பி போட்டுத்தானம்மா ஒம் மவன் உள்ள போனான்" என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "நாங்க டவுன்லோட மட்டுந்தாம்மா பார்த்தோம். வீட்டுப் பேச்சைக் கேக்கறது சட்டப்படி தப்பு. அப்படி எதுவும் எங்ககிட்ட இல்ல."

அவள் எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வர, மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்.

"சுகர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா இப்படித்தாம்மா தலை சுத்தும்."

டம்ளர் அவள் வாயருகே அப்படியே நின்றது. மாத்திரையை மிச்சம் பிடிப்பதை அவள் மகனிடம் மட்டுமே சொல்லியிருந்தாள், அதுவும் போனில். மெல்ல மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் சார்?"