கேட்க மட்டும்

"இதை நீங்களே வெச்சுக்குங்க. வேற ஒண்ணு குடுங்க" என்று, போன வாரம் வாங்கிய ரேடியோவை மேஜைமேல் வைத்தாள் டோரீன்.

கடைக்காரர் கிளிஃப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்கவும் பேசவும் ஆகிற கையடக்க செட். ஒரு கீறல்கூட விழவில்லை.

"ஏம்மா, சரியா வேலை செய்யலையா?"

"ஜோரா வேலை செய்யுது. அதுதான் தொந்தரவே."

அவள் கணவர் வெர்னன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தக் கேல்ஸ்பர்க் ஊர் வழியாகப் போகும் பயணிகள் ரயிலை முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ரயில்காரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வதைக் கேட்காவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது.

"சீக்கிரம் எடு கிளிஃப். மூணு மணி வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. இன்னைக்கு அதைக் கேட்காம விட்டேன்னா எனக்குச் சோறு இறங்காது."

பிறர் ரேடியோவில் பேசுவதைப் பிடித்துத் தரும் ஒரு ஸ்கேனரை கிளிஃப் எடுத்துக் காட்டினார். "இது புதுசுங்க ஐயா. போலீஸ், தீயணைப்பு எல்லாமே கேட்கும்."

"ஊர் வம்பு எனக்கெதுக்கு? ரயில் மட்டும் போதும்."

"போலீஸ் பேசுறதுகூடக் கேட்குமா?" என்று டோரீன் ஆசையாக எட்டிப் பார்த்தாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். இதுல இவர் பேச முடியுமா?" என்றாள்.

"முடியாதும்மா. ஸ்கேனர்னா கேட்க மட்டும்தான்."

அடுத்ததை வெர்னன் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "பட்டனெல்லாம் கடுகு மாதிரி இருக்கு. என் விரலைப் பார்த்தியா?"

மூன்றாவது அவருக்குப் பிடித்தது. பெரிய பட்டன், நீளமான ஏரியல்.

"எங்க வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நாலு மைல். எட்டுமா?"

"தாராளமா எட்டும்."

"இதுல பேச முடியுமா?" என்றாள் டோரீன் மறுபடியும்.

கிளிஃபுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சத்தியமா முடியாதும்மா!"

"பக்கத்துல ஒரு பட்டன் இருக்கே?"

"அது சத்தத்தைக் கூட்டுறதுக்கு."

"எதுக்கும் இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. போன வாரம் இவர் பட்டனை அமுக்கிட்டு, ரயில்காரங்க பேச்சுக்கு நடுவுல வாயைத் திறந்துட்டாரு. வெளியாள் அதுல பேசினா குத்தமாச்சே. நான் பாய்ஞ்சு பிடுங்கலைன்னா, போலீஸ் ரேடியோவுல எங்க பேருதான் ஓடியிருக்கும்."

"வண்டியைத் தப்பா ஓட்டினா சொல்ல வேணாமா?" என்று முணுமுணுத்தார் வெர்னன்.

கிளிஃபுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. "விடுங்கம்மா. இத்தனை வருஷம் ஓட்டின மனுஷன். வேலையை விட்டாலும் மனசு விடுமா?" என்றபடி ஸ்கேனரில் ரயில் அலைவரிசையை வைத்தார்.

கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது. "கிழக்கு சிக்னல், பச்சை."

ரயில் ஓட்டுபவர் சிக்னலைக் கண்டதும் ரேடியோவில் அப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெர்னன் ஸ்கேனரைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். பிறகு முகத்துக்கு நேரே பிடித்து, இருந்த பட்டனையெல்லாம் அமுக்கிக் கத்தினார்.

"கேட் வருது, ஹாரன் அடி! ரெண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்! கடைசி நீளத்தை, கேட்டைத் தொடுற வரைக்கும் விடாதே!"

ஸ்கேனரின் சத்தம் கூடியதே தவிர, அவர் பேச்சு வெளியே போகவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர, வெளியே தெருமுனைத் தண்டவாளத்தில் ஹாரன் எழுந்தது. நீளம், நீளம், குட்டை. கடைசி நீளம், எஞ்சின் ரயில்வே கேட்டைத் தொடும்வரை அறுபடாமல் வந்தது.

வெர்னன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதையே பில் போடுங்க" என்றாள் டோரீன் நிம்மதியாக.

"அதுசரி, யாரும்மா அந்த டிரைவர்? பாவம், ஐயா இந்தத் திட்டுத் திட்டுறாரு!"

"எங்க மக மார்லா. இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா ஓட்டுறா" என்ற டோரீன், பர்ஸைத் திறந்தபடி சொன்னாள். "காலையில அவதான் இந்தப் பணத்தைக் கையில குடுத்து, 'அப்பா ஆசை தீரக் கேட்கட்டும்மா, ஆனா பேச முடியாததாப் பார்த்து வாங்கிக் குடு'ன்னு சொல்லிட்டு வண்டியேறினா!"