திடீர்ச் சோதனை

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டு உண்ணாமலை பதறிப்போனாள்.

"ஆத்தாடி! பொண்ணு பாக்க நாளைக்குத்தானே வாரேன்னாங்க? மாப்பிள்ளை இன்னிக்கே வந்து நிக்கிறாரே!"

மாப்பிள்ளை கேப்டன் ஆத்மநாதனுக்கு ராணுவத்தில் அதுதான் வேலை. படைப்பிரிவுகள் போருக்குத் தயாராக இருக்கின்றனவா என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதிப்பார்; குறைகளைச் சரிசெய்ய வைப்பார். சீனச் சண்டைக்குப் பிறகு அந்த வேலைக்கு மதிப்பு கூடியிருந்தது.

"அடியே தையல்நாயகி, அந்தக் கண்ணாடியக் கழட்டுடி! அதனாலதான் ரெண்டு வரன் தட்டிப்போச்சு."

அதற்குள் சோடாப்புட்டிக் கண்ணாடியும் கையில் ஒட்டிய இட்லி மாவுமாகத் தையல்நாயகி கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் உள்ளே நுழைந்த ஆத்மநாதன். "பழக்கதோஷம். சொல்லிட்டுப் போனா, முகாம்ல எங்களுக்காகவே சுண்ணாம்பு அடிச்சு வச்ச கல்லத்தான் காட்டுவாங்க. சொல்லாமப் போனாத்தான் நெசம் தெரியும்."

"தெரிஞ்சுச்சுங்களா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தார். "தெரிஞ்சுச்சு. வர்ற தையிலயே முகூர்த்தம் வச்சுக்கலாங்களா?"

ஜீப் இலுப்பூர் கடைத்தெருவைத் தாண்டியதும் உண்ணாமலை மகளிடம் திரும்பினாள். "நல்லவேளை, அவருக்கு இப்புடி ஒரு பழக்கம் இருந்துச்சு."

"பழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அவரு தங்கச்சி என்னோட ஸ்கூல்லதானே வேல பாக்குது? ஒரு நா முந்தியே வரச் சொல்லுன்னு சொல்லிவிட்டதே நான்தான். கண்ணாடியோட என்னையப் பாத்ததும் அவரு மூஞ்சி மாறுதான்னு நானும் சோதிக்க வேணாமா?"