அரக்குப் பட்டு

லீவில் என்ன செய்தாய் என்று நாளை ஹாஸ்டலில் கேட்பார்களே, என்ன சொல்ல? முகூர்த்த மாதம் முழுக்க அப்பாவின் ஜவுளிக்கடையில் சேலை மடித்தேன் என்றா? என் மறதியால் ஒருத்தியின் கை முறிந்தது என்றா? ஜெயபாரதி கதவருகே நின்று யோசிக்கிறாள். பாண்டி பஜார் வெயில் பின்னறை ஜன்னல் வழியே அவிழ்ந்து கிடக்கும் பட்டுகளின் மேல் விழுகிறது. அப்பாவின் கையில் துணி அளக்கும் இரும்புக் கஜக்கோல் இன்னும் இருக்கிறது. கடையில் வேலை செய்யும் தேவானை வீங்கிய மணிக்கட்டை மடியில் ஏந்தித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உடைந்த கண்ணாடி வளையலின் துண்டு ஒன்று தோலில் குத்தி நிற்க, அதைச் சுற்றி ரத்தம் கசிகிறது. அவள் திருடியதாக அப்பா நினைத்த அரக்குப் பட்டு இப்போது மேஜைமேல் இருக்கிறது. வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்ற மயிலாப்பூர் மாமியிடம் நேற்று அதைக் கொடுத்தனுப்பியவள் ஜெயபாரதி. அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டாள். மாமி திருப்பிக் கொண்டுவருவதற்குள் கோல் நாலு முறை இறங்கிவிட்டது.

வெளியே தேவானையின் அண்ணன் சேட்டு கதவை உதைக்கிறான். "இன்னாய்யா பண்ணீங்க என் தங்கச்சிய? தொறங்கய்யா!"

"ஏட்டி, நீ போ," அப்பா மகளிடம் குரலைத் தாழ்த்துகிறார். "அவ ஏணியிலயிருந்து விழுந்துட்டான்னு சொல்லு. படிச்ச புள்ள சொன்னா நம்புவான்."

"சொல்லு சின்னம்மா," தேவானை முதலாளி மகளை நிமிர்ந்து பார்க்கிறாள். "நீ இன்னா சொன்னாலும் செல்லும்."

ஜெயபாரதி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

"நான் மறந்தேன், நீங்க அடிச்சீங்க. அதத்தான்ப்பா சொல்லுவேன்," என்கிறாள் மெதுவாக.